பேனா கடைய என்ன புஷ் நல்லது? – கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜூன் 3
பலா மரத்தில் கடையும் பேனாவின் இரண்டு முனையிலும் கறுப்பு படிகிறது. லேத்தில் மரத்தின் இரு பக்கமும் மாட்டி, எந்த அளவு வரை கடைய வேண்டும் என்று காட்டும் துண்டுதான் புஷ். உப்புத்தாள் மரத்தோடு சேர்த்து எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) புஷ்ஷையும் தேய்க்கிறது. அந்த இரும்புத்தூள் மரத்தின் துளைக்குள் இறங்கிவிட்டால் அப்புறம் துடைத்தால் போகாது. கறுத்த ஈட்டி மரத்தில் இது கண்ணுக்கே தெரியாது. ஆனால் பலாவின் மஞ்சள் நிறத்துக்காகத்தானே அதை எடுக்கிறேன்!

தேயத் தேய புஷ்ஷின் அளவும் இறங்குகிறது. ஸ்லிம்லைன் என்ற ஒல்லிப் பேனா வகைக்கு ஏறக்குறைய 8.3 மி.மீ. வேண்டும். அது 8.1 ஆனால் மரம் ஒல்லியாகி, உலோக வளையத்தின் விளிம்பு நகத்தில் தட்டும்.

ஜூன் 5
வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூர் போய் ராடு துண்டுகள் வாங்கி வந்தேன். பித்தளை வெண்ணெய் மாதிரி கடைகிறது. ஆனால் உப்புத்தாளுக்கும் அதே வேகத்தில் கரைகிறது. அலுமினியம் சாம்பல் நிறத்தில் ஈஷுகிறது. டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கறை விடாது, ஆனால் உளி லேசாகப் பட்டாலே வெட்டுப்படும். அளவுக்கு அதை நம்ப முடியாது. அளவுக்கு எம்.எஸ்.தான் சரி.

ஜூன் 9
பொருளைவிட முக்கியம், கடையும் முறை. மேண்ட்ரலை, அதாவது மரத்தையும் புஷ்ஷையும் கோக்கும் கம்பியை, அதிகமாக இறுக்கினால் அது வளைந்து மரம் ஆட்டம் போடும். அதனால் கம்பி நுழையும் ஓட்டையில்லாத புஷ்ஷாகச் செய்து, லேத்தின் இரண்டு சென்டருக்கு (கூர்முனைக்கு) நடுவில் மாட்டுவதே நல்லது என்று முடிவு செய்தேன்.

லேத் பட்டறை அண்ணனிடம் சொன்னதும், "ஒரே பிடிப்புல முடிச்சிரணும் தம்பி. திருப்பி மாட்டுனா சென்டர் போயிரும்" என்றார். முதலில் ராடின் முகத்தைச் சமன் செய்து, 60 டிகிரி சென்டர் குழி போட்டார். லேத்தின் எதிர்முனையில் இருக்கும் டெயில்ஸ்டாக்கால் தாங்கிக்கொண்டு வெளி அளவைக் கடைந்தார். அப்புறம் ராடைப் பிடித்திருக்கும் சக் பக்கமாக, பேனா மரத்துக்குள் இருக்கும் பித்தளைக் குழாய்க்குள் நுழையும் கழுத்தைக் கடைந்து, கடைசியில் வெட்டி எடுத்தார். குழி, வெளி அளவு, கழுத்து மூன்றும் ஒரே அச்சில் நிற்கின்றன. கை வேலை என்றால் இது!

ஜூன் 12
நல்ல மழை. புஷ்ஷில் துரு எட்டிப் பார்க்கிறது. தையல் மெஷின் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். மாட்டும் முன் சுத்தமாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மரத்தில் ஏறும்.

ஜூன் 15
சூப்பர் க்ளூ பூச்சுக்கு இரும்பு புஷ் ஆகவே ஆகாது. ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது முனையில் பூச்சு செதில் செதிலாகப் பெயரும். வெள்ளைப் பிளாஸ்டிக் காய்வெட்டும் பலகை பெரும்பாலும் பாலிஎத்திலீன், அதில் க்ளூ பிடிக்காது. பலகைத் துண்டில் இரண்டு கூம்பு கடைந்தேன். குழாயின் வாயை மட்டும் தொடுவதால் மரத்தின் முனை முழுக்கத் திறந்திருக்கிறது, பூச்சும் ஒழுங்காக ஏறுகிறது.

ஆக, இரும்பு புஷ்ஷில் உளி வேலை மட்டும். கடைசி கொஞ்சம் இருக்கும்போதே கழற்றி, கூம்பில் மாட்டித் தேய்க்கிறேன். அளவை வெர்னியர் வைத்துப் பார்க்கிறேன். பலாவில் கறுப்பு இல்லை.