இரட்சிக்கப்பட்ட தேதி

போன வாரம் மகள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கோடை விடுமுறையில் மூன்று நாள் வாலிபர் முகாம். பெயர், வயது, சபை, பெற்றோர் கைபேசி எண், தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுவது உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றையும் மளமளவென்று நிரப்பியிருந்தாள். ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. 'இரட்சிக்கப்பட்ட தேதி.' அதாவது, இயேசுவை ஏற்றுக்கொண்டு பாவத்திலிருந்து மீட்கப்பட்ட நாள்.

"இதுல என்னம்மா போடணும்? ஞானஸ்நானத் தேதியா, திடப்படுத்தல் எடுத்த தேதியா?"

எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அவளுக்குப் பதினான்கு வயது. அந்தக் கட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு நான் பதினேழு வருஷம் அழுதிருக்கிறேன். அதை அவளிடம் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மெய்ஞ்ஞானபுரத்துக்குப் பக்கம். செம்மண் தேரி, உடைமரம், பனை. அப்பா பனையேறி. மெய்ஞ்ஞானபுரம் கோவிலின் 192 அடிக் கோபுரம் தன் மரங்களின் உச்சியிலிருந்து நன்றாகத் தெரியும் என்பார். ஞாயிறு ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் என்ற சபை விருந்து என்று கோவிலுக்குள்ளேயே வளர்ந்தேன். 1992 மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில், கடைசி நாள், பேசிய அண்ணன் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். தூக்கினேன். மனப்பூர்வமாகத்தான் தூக்கினேன். வீட்டுக்கு வந்து என் வேதாகமத்தின் முதல் வெற்றுப் பக்கத்தில் நீல மையில் தேதி எழுதினேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

அடுத்த வருஷமே அந்தத் தேதி என்னைக் கைவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் சோறு கொதித்து வடிகிறது. அம்மிக்கல்லில் பாதி அரைத்த தேங்காய் அப்படியே இருக்கிறது. அம்மாவைக் காணோம். கூப்பிட்டேன், பதில் இல்லை. பக்கத்து வீட்டிலும் சத்தமில்லை. அந்த வாரம்தான் கோவிலில் இரகசிய வருகை பற்றி, அதாவது இயேசு திடீரென்று வந்து தம்முடையவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு போவது பற்றிப் பிரசங்கம். 'இரண்டு ஸ்திரீகள் ஏந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்.' எனக்குப் புரிந்துவிட்டது. வருகை நடந்துவிட்டது. அம்மா போய்விட்டாள். நான் விடப்பட்டுவிட்டேன். அம்மிக்கல் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம்கூட வராமல் நடுங்கினேன். கால் மணி நேரம் கழித்து அம்மா இடுப்பில் குடத்தோடு வந்தாள். கீழத்தெருக் குழாயில் திடீரென்று தண்ணீர் விட்டார்களாம், தெருவே ஓடியிருக்கிறது.

சிறுவயதில் இப்படி ஒரு மாலையைக் கடந்து வந்த பலரை நான் பின்னாளில் சந்தித்தேன். ஆனால் அன்றைக்கு நான் தனி. அன்று இரவு மறுபடியும் பாவ அறிக்கை ஜெபம் செய்து இரண்டாவது தேதி எழுதினேன். அதற்கப்புறம் கன்வென்ஷன் பந்தலில் ஒன்று, காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒன்று, கல்லூரி விடுதியில் ஒன்று. நீலம், கறுப்பு, ஒருமுறை பேனா கிடைக்காமல் பென்சில். மொத்தம் ஏழு தேதிகள். ஒவ்வொரு தடவையும், போன தடவை நான் உண்மையாய் ஜெபிக்கவில்லை, அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது, பொய் வருகிறது, ஜெபத்தில் தூக்கம் வருகிறது என்று நினைத்தேன். சாட்சி சொல்லும் நேரத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, "இன்ன வருஷம், இன்ன தேதி, இத்தனை மணிக்கு" என்று சொல்லும்போது எனக்குக் கை சில்லிட்டுப் போகும். ஏழில் எதைச் சொல்வது?

அந்தப் பயத்தை நான் எனக்குள் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இன்றும் வலிக்கிறது. 1997-ல், எனக்குப் பதினாறு வயது. அப்பா மாலை ஏற்றம் முடித்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து பாளை அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்று கேட்டேன். "அப்பா, நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா? எந்தத் தேதி?"

அவர் கை நின்றது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் என்னத்தளா கண்டேன். ஏறுறதுக்கு முந்தி ஆண்டவரேன்னு கூப்பிடுவேன். இறங்கினப்புறம் ஸ்தோத்திரம் சொல்லுவேன். அம்புட்டுதான்."

எனக்கு அது போதவில்லை. "அது போதாதுப்பா" என்று சொல்லவும் செய்தேன். முப்பது மரத்துக்கு மேல், காலையும் மாலையும் ஏறி இறங்கி, ஒவ்வொரு மரத்தடியிலும் ஆண்டவரைக் கூப்பிட்ட மனுஷனிடம் போதாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தார்.

2009-ல் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கும்போதுதான் அவர் நெஞ்சை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சு நடுவில் தோல் கறுத்து, தடித்து, பனைச்சில்லாட்டை மாதிரி சொரசொரவென்று காய்த்துப் போயிருந்தது. துடைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் கேட்க, வலி சொல்ல, அம்மா பெயரைச் சொல்லக்கூட அவருக்கு வார்த்தை இல்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம் இருந்தது. "ஆண்டவரே." நர்ஸ் ஊசி போட வந்தாலும் அதுதான், என்னைப் பார்த்தாலும் அதுதான். இப்படிப் பேச்சு போனவர்களுக்கு, பல வருஷம் தினமும் சொல்லிப் பழகின ஜெபமும் பாட்டும் சில நேரம் மிஞ்சும் என்று மருத்துவர் சொன்னார்.

அடக்கம் முடிந்து பதினாறு நாள் கழித்து, எங்கள் சபைப் போதகரான சேகரகுரு ஐயர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்ததும் என் கதைதான் வந்தது. வேதாகமத்தை விரித்து அந்த ஏழு தேதிகளைக் காட்டினேன். "இதுல எது ஐயா?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏழையும் வாசித்தார். அப்புறம் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெஸ்லி 1728-லேயே குருப்பட்டம் பெற்றவர், அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகவும் போனவர். 1736 ஜனவரியில் அங்கே போகிற வழியில் கடும் புயல். பாய் கிழிந்து கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தபோது இங்கிலாந்துக்காரர்கள் அலறுகிறார்கள். மொரேவியர் என்ற ஜெர்மானிய விசுவாசிகள் நிறுத்தாமல் சங்கீதம் பாடுகிறார்கள். பயமாக இல்லையா என்று அவர்களில் ஒருவரைக் கேட்டபோது, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்குப் பயப்படுவதில்லை என்றாராம். தன்னிடம் அது இல்லை என்பது வெஸ்லிக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். ரோமர் நிருபத்துக்குச் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கிறார். இரவு ஒன்பதுக்குக் கால் மணி இருக்கும்போது தன் இருதயம் அதிசயமாய் அனல்கொண்டதையும், கிறிஸ்து தன் பாவங்களை எடுத்துப்போட்டார் என்ற நிச்சயம் தனக்குக் கிடைத்ததையும் வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார்.

"பாத்தீங்களா, அவருக்கு மணிகூடத் தெரியுது" என்றேன்.

"பொறும்மா" என்றார் ஐயர். "அதே நாட்குறிப்பில், 1739 ஜனவரி 4, என்ன எழுதியிருக்கார் தெரியுமா? நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதியிருக்கார். எட்டு மாசம்கூட ஆகலை."

நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த மே 24 பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த ஜனவரி 4 பற்றி ஒருவரும் சொன்னதில்லை. அதைச் சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். நிச்சயம் என்ற உணர்வு இல்லாதவனுக்கு விசுவாசமே இல்லை என்று ஆரம்பத்தில் கண்டிப்பாகப் பேசிய வெஸ்லி, 1768-ல் எழுதிய ஒரு கடிதத்தில், பல வருஷமாகத் தான் அப்படி நினைப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு வெகுநாள் முன்பே, 1647-ல், பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் உபதேச ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும், உண்மையான விசுவாசி இந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருக்கவும் போராடவும் நேரிடலாம் என்று சொல்லியிருக்கிறது.

அப்புறம் ஐயர் என் வேதாகமத்தைத் தன் பக்கம் திருப்பி யோவான் 6:37-ஐ என்னையே வாசிக்கச் சொன்னார். 'என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை.'

"ஏழு தடவை வந்திருக்கிறாய். எத்தனை தடவை தள்ளினார்?"

நான் அழுதேன். இத்தனை வருஷம் அழுத அழுகை மாதிரி இல்லை அது. ஏழு தேதிகளையும் ஏழு தோல்வியாகத்தான் எண்ணி வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவரிடம்தானே போயிருக்கிறேன் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவைப் பற்றி நான் கேட்க வந்த கேள்வியை அன்று கேட்கவே இல்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தினமும் அறுபது தடவை வந்தவரை அவர் எப்படித் தள்ளுவார்?

அன்றோடு பயம் அடியோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். விசுவாசத்தை விட்டு விழுந்துபோனவர்களை எச்சரிக்கும் எபிரெயர் ஆறாம் அதிகாரம் வாசிக்கும்போது இன்றும் வயிற்றைப் பிசையும். 'நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை' என்ற மத்தேயு ஏழாம் அதிகார வசனமும் அப்படித்தான். இதில் சபைக்குச் சபை உபதேசம் மாறுகிறது என்பதும் தெரியும். பெற்ற இரட்சிப்பை இழக்க முடியும் என்று சொல்லும் பெந்தெகொஸ்தே தோழிகள் எனக்கு உண்டு, முடியவே முடியாது என்கிறவர்களும் உண்டு. என்னால் அந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பயம் வரும்போது எங்கே பார்ப்பது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கிறது. முன்பெல்லாம் எனக்குள்ளே பார்ப்பேன், போதுமான அளவு அழுதேனா, போதுமான அளவு நம்பினேனா என்று. அங்கே எவ்வளவு தோண்டினாலும் நிச்சயம் கிடைக்காது.

நான் அஞ்சல் அலுவலகத்தில் சேமிப்புக் கவுண்டரில் வேலை செய்கிறேன். மாத வருமானத் திட்டத்தில் பணம் போட்ட ஒரு பாட்டி, வட்டி வாங்க வரும்போதெல்லாம் பாஸ்புக்கைக் கவுண்டருக்குள் நீட்டி, "எம்மா, என் ரூவா இருக்கா?" என்று கேட்பார். இருக்கு பாட்டி என்பேன். "நல்லாப் பாத்துச் சொல்லு." பக்கத்தைத் திருப்பி, எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டி, தொகையை வாசிப்பேன். முகம் தெளியும். அடுத்த மாதம் மறுபடியும் அதே பயத்தோடு வருவார். அவர் பயந்த மாதங்களில் ஒரு ரூபாயும் குறைந்ததில்லை, தைரியமாக இருந்த மாதங்களில் ஒரு ரூபாயும் கூடியதில்லை. ஒருநாள் அவருக்கு அப்படி விரல் வைத்துக் காட்டும்போதுதான் 1 யோவான் 5:13 நினைவுக்கு வந்து, கவுண்டரிலேயே கண் கலங்கிவிட்டது. 'உங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படிக்கு' எழுதியிருக்கிறேன் என்கிறார் யோவான். எழுதியிருக்கிறது. மறுபடியும் மறுபடியும் வந்து கேட்டாலும், அந்த வசனத்தின் மேல் விரலை வைத்து வாசித்துக் காட்ட ஆண்டவர் அலுத்துக்கொள்வதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு நற்கருணை. அப்பத்தைக் கையில் வைக்கும்போது ஐயர் சொல்லும் வார்த்தைகளில் 'உனக்காக' என்று ஒன்று வரும். லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், 'உங்களுக்காக' என்ற இந்த வார்த்தைக்குத் தேவையானது அதை நம்புகிற இருதயம் மட்டும்தான் என்கிறார். நான் பல வருஷம் அந்த வார்த்தையைக் கேட்காமலேயே முழங்காலிட்டு எழுந்திருக்கிறேன். அன்று காலையில் நான் யாரிடம் எரிந்து விழுந்தேன், மனதில் என்ன ஓடியது என்பதை எண்ணிக்கொண்டே கையை நீட்டுவேன். இப்போது உள்ளங்கையைப் பார்க்கிறேன். அதில் வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். எனக்காக என்று பெயர் சொல்லாமல் சொல்லித்தான் வைக்கிறார்கள்.

மகளிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். தாத்தாவின் நெஞ்சைப் பற்றிச் சொன்னபோது பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் படிவத்தை எடுத்து, அந்தக் கட்டத்தில் 'தேதி தெரியாது' என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் சின்னதாக யோவான் 6:37 என்று சேர்த்தாள். முகாமில் ஏதாவது கேட்பார்களோ என்னவோ. கேட்டால் அவள் சொல்லிக்கொள்வாள்.

நேற்று இரவு அவள் பையை அடுக்கிக்கொண்டிருந்தோம். டார்ச், போர்வை, கொசுவத்தி, இரண்டு செட் துணி. தன் வேதாகமம் அட்டை கிழிந்திருக்கிறது, உங்களுடையதை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். திறந்து அந்த முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலில் எழுதினது ஏறக்குறைய அழிந்தே போயிருக்கிறது.

"அம்மா, இதெல்லாம் அடிச்சு விட்ரலாமா?"

"வேண்டாம், இருக்கட்டும்" என்றேன்.