செய்முறைத் தேர்வில் போச்டு எக்: வடிகட்டியோடு போங்கள்

கேட்டரிங் முதலாம் ஆண்டு முடிவுகள் சென்ற வாரம் வெளிவந்தன. நான் மிகவும் அஞ்சியிருந்த உணவு தயாரிப்புச் செய்முறைத் தேர்வில் நல்ல மதிப்பெண் கிடைத்திருப்பதால், அடுத்து எழுதப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று முடிவு வந்த சூட்டோடு இதை எழுதுகிறேன். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் சாஸ் வகைகளுக்கே நேரத்தைச் செலவிட்டார்கள். ஓடில்லாமல் முட்டையை வெந்நீரில் உடைத்துவிட்டு வேகவைக்கும் போச்டு எக்கில் எண்ணெயும் மசாலாவும் இல்லாததால் எந்தக் குறையையும் மறைக்க முடியாது என்பதை நினைத்து, நான் வீட்டில் அதையே அதிகம் பழகினேன்.

எனக்குக் கைகொடுத்தது வடிகட்டிதான். வெள்ளைக்கருவில் மஞ்சள்கருவை ஒட்டி நிற்கும் கெட்டிப் பகுதியும், தண்ணீர்போல் ஓடும் நீர்த்த பகுதியும் உண்டு. வெந்நீரில் நூல்நூலாகப் பிரிந்து மிதப்பது இந்த நீர்த்த பகுதியே. முட்டை பழையதாக ஆக, ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடி, கெட்டிப் பகுதியும் இளகிவிடுகிறது. தேர்வறையில் கொடுக்கும் முட்டை எப்போது வாங்கியது என்று நமக்குத் தெரியாது. ஆகவே, அகலமான டீ வடிகட்டியில் முட்டையை உடைத்து ஊற்றி, மெல்லச் சுழற்றி, நீர்த்த பகுதி இறங்கியதும் சிறு கிண்ணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற எல்லா உத்திகளையும்விட இதையே நான் வலியுறுத்துவேன்.

தண்ணீரைச் சுழற்றி, நடுவில் முட்டையை விடும் முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் ஒரு நேரத்தில் ஒரு முட்டைதான் வேகும். நிதானமாக வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு அது பதற்றத்தையே தரும். தண்ணீரில் சேர்க்கும் வினிகரின் அமிலம் வெள்ளைக்கருவை விரைவில் உறையச் செய்யும் என்பது உண்மைதான். ஆனால் கூடினால் புளிப்பு ஒட்டும், மேற்புறம் விறைக்கும். வடிகட்டிய முட்டைக்கு அது தேவையில்லை என்றாலும், வகுப்புக் குறிப்பில் இருந்தால் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்துவிடுங்கள்.

தேர்வறையில் வரிசை:

- அகன்ற பாத்திரம், நான்கு விரற்கடை தண்ணீர்.
- கொதித்ததும் தீயைக் குறைக்கவும். அடியில் சிறு குமிழிகள் ஒட்டியிருக்க வேண்டும், மேற்பரப்பு புரளக் கூடாது.
- கிண்ணத்தைத் தண்ணீரை ஒட்டிப் பிடித்துச் சரிக்கவும்.
- 3 முதல் 4 நிமிடம்.
- ஜல்லிக்கரண்டியால் எடுத்து, விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கவும்.

வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் உறையத் தொடங்குகிறது. மஞ்சள்கரு 70 டிகிரியை நெருங்கினால் கெட்டியாகிவிடும். கொதிக்கும் நீர் ஏன் ஆகாது என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் இதைச் சொல்லுங்கள். கொதிப்பின் வேகம் முட்டையைச் சிதறடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஒரே நேரத்தில் எப்படிப் பரிமாறுவீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள். சற்றுக் குறைவாக வேகவைத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுக் குளிரவைத்து, பரிமாறும் முன் வெந்நீரில் சூடேற்றுவேன் என்றேன். போச்டு எக்கை வைத்துச் செய்யும் எக்ஸ் ஃப்ளோரன்டைன் பற்றியும் கேட்கலாம். பசலைக்கீரையையும் மார்னே சாஸையும் (சீஸ் சேர்த்த வெள்ளை சாஸ்) விடாமல் சொல்ல வேண்டும்.

எடுத்த முட்டையைச் சுத்தமான துணிமேல் வைத்து ஈரத்தை ஒற்றி, ஓரத்துப் பிசிறுகளைக் கத்தரித்த பிறகே டோஸ்ட்டின்மேல் வையுங்கள். ஈரம் இறங்கி ரொட்டி ஊறினால், முட்டை நன்றாக வந்திருந்தாலும் மதிப்பெண் குறையும்.