பன்னிரண்டு மணி, இல்லை பதின்மூன்று

28 அக்டோபர் 2024, திங்கள்
அம்மா நியூயார்க்கிலிருந்து இங்கே சிங்கப்பூருக்கு விமானத்தில் வருகிறார். நியூயார்க்–சிங்கப்பூர் தூரம் ஒரு இடத்தில் 15,349, இன்னொரு இடத்தில் 9,537, மூன்றாவதில் 8,288. மூன்றும் சரிதான். கிலோமீட்டர், மைல், கடல்மைல்.

29 அக்டோபர்
கையாலேயே கணக்குப் போடலாம். நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கே 74 டிகிரி, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்கே 104. கூட்டினால் 178, அதாவது உலகின் எதிரெதிர்ப் பக்கம். அதனால் குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டியே போகிறது. துருவத்திலிருந்து நியூயார்க் 49.4 டிகிரி, சிங்கப்பூர் 88.6. மொத்தம் 138. டிகிரிக்கு 111.2 கிலோமீட்டர் வைத்தால் 15,346. பூகோள உருண்டையில் நூலைப் பிடித்தாலும் துருவத்தை உரசித்தான் போகிறது. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைப்பவர்களுக்கு இது பிடிபடாது.

விமானம் நூல்மேல் போகாது, அது வேறு. காற்று தள்ளுகிற பக்கமாக வளையும். ஓடுகிற தூரம் கூடினாலும் நேரம் குறையும்.

31 அக்டோபர்
தீபாவளி. முறுக்கில் பாதி டப்பாவில்.

1 நவம்பர்
மணிக்கு 900 என்றால் 17 மணி 3 நிமிடம். 850 என்றால் 18 மணி 3 நிமிடம். எதிர்க்காற்று 50 கிலோமீட்டர் பிடித்து இழுத்தாலே ஒரு மணி நேரம் போச்சு. அட்டவணையில் இருக்கும் பதினெட்டே முக்கால் சொச்சத்தில் ஓடுபாதை வரிசையும் சேர்த்தி. வாயிலிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளியதுமே திரையில் ‘புறப்பட்டது’ என்று வந்துவிடும். சக்கரம் தரையை விட்டு எழும்ப அரை மணி ஆகலாம்.

விமானம் ஏ350 யுஎல்ஆர், மிக நீண்ட தூரம் பறக்கும் வகை. எரிபொருள் 1,65,000 லிட்டர், சாதா ஏ350ஐவிட 24,000 கூடுதல். அந்தக் கனத்துக்காக இருக்கைகள் 161தான், எகானமியே கிடையாது. டிக்கெட் விலை ஏன் அப்படி என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நூலை இன்னும் எடுத்து வைக்கவில்லை.

2 நவம்பர்
அம்மாவுக்கு மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி என்பதால் முள் அங்கேயும் இங்கேயும் ஒரே இடம். அங்கே இரவு எட்டு மணி மாத்திரையைப் போட்டுவிட்டுப் பத்தரை வாக்கில் ஏறினால், வானில் ஒன்று, இறங்கிய பிறகு காலையில் ஒன்று.

சிக்கல் இதுதான்: ஞாயிறு அதிகாலை அங்கே 2 மணிக்கு அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறது. அப்போது விமானம் வானில். ஃபோன் தானாக 1 மணிக்குப் போய்விடலாம். அதில் எட்டு பார்த்துப் போட்டால் ஒரு மணி தாமதம். கைக்கடிகாரத்தைத் திருகவே வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இரண்டு தடவை. “நீ மூணாவது தடவை சொல்றடா” என்கிறார் அம்மா.

மாத்திரை கைப்பையில். பெட்டியில் இல்லை.

3 நவம்பர், ஞாயிறு
சிங்கப்பூர் நேரம் காலை 10.50. விமானத்தைப் பின்னால் தள்ளியாயிற்று.

11.24. எழும்பிவிட்டது.

பிற்பகல் 2.00. இனி வித்தியாசம் 13 மணி.

இரவு 8.00. முள் எட்டில்.

4 நவம்பர், 4.35
சாங்கி. ஃபோனில் விமானத்தைக் காட்டும் படம் வங்காள விரிகுடாவில் நின்றுகொண்டிருக்கிறது. கடல்மேல் சமிக்ஞை விட்டுப்போனால் இப்படித்தான், பயப்பட…