அணில் அகலப்படுத்திய வாசல்

பிப்ரவரி 11

கூட்டுப்பெட்டியை ஒருவழியாக இன்று மாட்டியாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை. உள்ளளவு 15 செ.மீ. சதுரம், உயரம் 25 செ.மீ., வாசல் 32 மி.மீ. வட்டம். சிட்டுக்குருவி தாராளமாக நுழையலாம், மைனா தலையை மட்டும் நீட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். வெளியே வர்ணம் பூசவில்லை, உள்ளே இழைப்புளி போடவில்லை. பலகை சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சுகள் நகத்தால் பற்றி வாசல்வரை ஏற முடியும். அடிப்பலகையில் நீர் வடிய நான்கு துளைகள், மேலே காற்றுக்கு இரண்டு. பின்சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், பிற்பகல் வெயில் படாத பக்கமாக மாட்டியிருக்கிறேன்.

"அப்பா, குருவி வந்து உட்கார வாசலில் ஒரு குச்சி வேண்டாமா?" என்று மகள் கேட்டாள். படங்களில் எல்லாம் குச்சி இருக்கிறதாம். பொந்தில் வாழும் பறவைக்கு அது தேவையில்லை. வசதியாக உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்க்கப்போவது காகம்தான். வைக்கவில்லை.

அம்மா அண்ணாந்து பார்த்தார். "வாடகை கேட்காத வீடு. ஆள் வராமலா போகும்" என்றார்.

பிப்ரவரி 25

ஆள் வரவில்லை. ஒரு சிலந்தி மட்டும் வாசலுக்குக் குறுக்கே வலை கட்டிக் குடியேறிவிட்டது.

தண்ணீர்த் தட்டுக்குத்தான் கூட்டம். விளிம்பு 4 செ.மீ.க்கு மேல் இல்லாத மண்தட்டு, நடுவில் ஒரு தட்டைக் கல். முதலில் செடியோரம் வைத்திருந்தேன். பூனை பதுங்க வசதியாகிவிட்டதைப் பார்த்துத் திறந்த இடத்துக்கு நகர்த்தினேன். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து, ஒன்றை ஒன்று திட்டிக்கொண்டே குளித்து, பாதித் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டுப் போகின்றன. கொசு முட்டையிடாமல் இருக்கக் காலைதோறும் நீரை மாற்ற வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். இவர்கள் புண்ணியத்தில் அந்த விதிக்கே வேலையில்லை.

மார்ச் 3

இன்று பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது.

கிணற்றடி நந்தியாவட்டையில், என் இடுப்பு உயரத்துக்கும் கீழே, ஒரு தையல்சிட்டு. பெண். தைப்பது பெண்தான். ஆண் பக்கத்துக் கிளையில் நின்று உடம்புக்குப் பொருந்தாத பெருங்குரலில் கத்திக்கொண்டிருந்தது. அகலமான ஓர் இலையின் இரு விளிம்புகளும் ஏற்கெனவே பாதி நெருங்கியிருந்தன. சிட்டு இலையின் பின்னால் தொங்கிக்கொண்டு, அலகு நுனியால் விளிம்பில் ஒரு துளை போட்டது. ஊசி முனை அளவுதான். பறந்து போய்ச் சிலந்தி வலையின் இழையோடு திரும்பியது. என் பெட்டியின் வாசலில் இருந்த அதே வலை! இழையைத் துளைக்குள் செருகி, மறுபக்கம் போய் அலகால் இழுத்தது. முடிச்சு என்று எதுவும் போடவில்லை. வெளியே வந்த நுனி பஞ்சுபோலப் பிரிந்து உப்பிக்கொள்கிறது, அதனால் பின்னுக்கு வராது. தையல் என்று சொல்வதைவிட, தகடுகளை இணைக்கும் கடாவி ஆணி அடிப்பது என்று சொல்லலாம். துளை அவ்வளவு சிறியது என்பதால் இலை வாடுவதில்லை. பச்சையாகவே இருந்து, மற்ற இலைகளோடு இலையாக ஒளிந்துகொள்கிறது.

நாற்பது நிமிடம் நின்றேன். கால் மரத்துவிட்டது.

மார்ச் 13

இலைப்பைக்குள் பஞ்சு மெத்தை, மூன்று முட்டைகள். தாய் இல்லாத நேரம் பார்த்து, மேலிலையை ஒதுக்கிக் கைப்பேசியில் படம் எடுத்தேன். சரியாக வரவில்லை. மாலையில் வெளிச்சம் சாய்ந்ததும் இன்னொரு முறை எடுத்தேன். அருமையாக வந்திருக்கிறது.

மார்ச் 15

கூடு காலி. இலைப்பை ஒரு பக்கமாகக் கிழிந்து தொங்குகிறது. ஓடு கூட இல்லை.

செம்போத்தாக இருக்கலாம், நேற்று மதிலோரம் அதன் ஆழ்ந்த 'ஊப் ஊப்' குரல் கேட்டது. காகமாகவும் இருக்கலாம். யார் தின்றிருந்தாலும் வழி காட்டியவன் நான். நான் ஒதுக்கிய மேலிலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை, வெயில் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. தினமும் ஓர் ஆள் ஒரே செடியின் முன் குனிந்து நிற்கிறான் என்றால் அங்கே என்ன இருக்கிறது என்று காகத்துக்குத் தெரியாதா?

மகளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. படத்தைக் காட்டு என்றும் கேட்கவில்லை.

மார்ச் 24

கூட்டுப்பெட்டியில் அணில். ஐந்து நாட்களாக வாசல் விளிம்பைக் கொறிக்கிறது. கீழே தரையில் மரத்தூள். நான் தாளால் தேய்த்துத் தேய்த்து வட்டமாக்கிய வாசல், இப்போது பல் போன கிழவனின் வாய்போல இருக்கிறது. மூன்று விரல்கள் சேர்ந்து நுழையும் அளவு ஆகிவிட்டது. வாசலைச் சுற்றித் தகடு அடித்தால் அணிலின் பல் ஏறாது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மார்ச் 29

தகரத்தை வட்டமாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, ஆணியும் சுத்தியலுமாகப் போனேன். ஏணியை இன்னும் சாத்தவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சாம்பல் நிறத் தலை எட்டிப் பார்த்தது.

குண்டுகரிச்சான். பெண். ஆண் பளபளக்கும் கறுப்பு, பெண்ணுக்கு அந்த இடமெல்லாம் சாம்பல். வெள்ளை வயிறும் இறக்கையில் வெள்ளைப் பட்டையும் இரண்டுக்கும் உண்டு. பெயரைப் பார்த்து இரட்டைவால் கரிச்சானோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிறுத்தியபடி தரையில் தத்தும் பறவை. வங்கதேசத்தின் தேசியப் பறவை, அங்கே பழைய இரண்டு டாக்கா நோட்டிலும் உண்டு. பொந்தில் கூடு கட்டும் இனம்தான். ஆனால் 32 மி.மீ. வாசலில் இது நுழைய வழியே இல்லை. அணில் அல்லவா கதவைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறது!

தகட்டை அலமாரியில் போட்டேன். ஏணியைக் கிடத்தினேன். சாய்வு நாற்காலியைத் தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போட்டேன். பெட்டிக்கும் அதற்கும் பத்து மீட்டர் இருக்கும். அதற்கு அப்பால் யாரும் போகக்கூடாது என்று மகள் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் போட்டாள்.

ஏப்ரல் 4

பெண் ஒண்டியாகத்தான் கட்டுகிறது. தேங்காய் நார், காய்ந்த புல், சருகுக் காம்பு, ஒரு தடவை துடைப்பக் குச்சி. குச்சி குறுக்காக மாட்டிக்கொண்டு வாசலில் நுழையவில்லை. நாலைந்து முறை முயன்றுவிட்டு, தலையைச் சாய்த்து நுனிப் பக்கமாகச் செருகியது. ஆணுக்குப் பாட்டு மட்டும்தான் வேலை. விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது, நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நேற்று தையல்சிட்டின் அழைப்பை அப்படியே பாடியபோது நான் ஒரு கணம் நந்தியாவட்டையைத் திரும்பிப் பார்த்தேன்.

காது சற்று மந்தமான அம்மா, "இந்தப் பயல் என்னைத் தினமும் எழுப்பிவிடுகிறான்" என்கிறார். புகாரா, பெருமையா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 8

காலையில் பெண் உள்ளே போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு வெளியேறுகிறது, அப்புறம் பகல் முழுக்கக் காணோம். கைவிட்டுவிட்டதோ என்று மகளுக்குக் கவலை. இல்லை. நாளுக்கு ஒரு முட்டை என்று இடுகிறது. கடைசி முட்டை விழும் தறுவாயில்தான் அடைகாக்க உட்காரும். முதல் முட்டையிலிருந்தே உட்கார்ந்தால் மூத்தது வளர்ந்து நிற்கும்போது இளையது ஓட்டுக்குள் இருக்கும், இரை பங்கீட்டில் அது தோற்றுவிடும்.

எத்தனை முட்டை? ஏணி போட்டால் ஒரு நிமிடத்தில் தெரியும். போடவில்லை.

ஏப்ரல் 11

உட்கார்ந்துவிட்டது.

ஏப்ரல் 17

அடைகாப்பதைப் பார்ப்பதைப்போல் சலிப்பான வேலை கிடையாது. எதுவுமே நடக்காது. ஆறு நாட்களாக நான் பார்ப்பது ஒரு பெட்டியை.

ஏப்ரல் 23

காலை 6.40. பெண் அலகில் பாதி முட்டையோடு வெளியே வந்தது. வெளிறிய நீலப்பச்சை, அதில் பழுப்புத் தெறிப்புகள். மதிலைத் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பியது. கூட்டடியில் ஓடு கிடந்தால் வேட்டைக்காரனுக்கு அடையாளம் ஆகிவிடும்.

மகளை எழுப்பினேன். பல் துலக்காமல் கோட்டருகே வந்து உட்கார்ந்தாள்.

ஏப்ரல் 28

பள்ளி விடுமுறை, மகள் எண்ணுகிறாள். காலை ஏழு முதல் எட்டுவரை 19 முறை இரை வந்தது: பெண் 12, ஆண் 7. ஆணுக்கு வேலை வந்துவிட்டதால் பாட்டு பாதியாகக் குறைந்திருக்கிறது. பச்சைப் புழு, வெட்டுக்கிளி, ஒரு பூரான். எலுமிச்சைச் செடிக்கு மருந்தடிக்காமல் விட்டதற்காக அம்மாவிடம் ஓராண்டாக வாங்கிய பேச்சு இன்று அடைபட்டது. அதன் இலைகளைத் தின்று கொழுத்த புழுக்கள்தான் பெட்டிக்குள் போகின்றன. எவ்வளவு தானியம் இறைத்தாலும் இந்தக் குஞ்சுகளுக்கு ஆகாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் தேடும்.

பத்து மணிவாக்கில் ஆண் ஒரு குட்டிப் பல்லியைக் கொண்டுவந்தது. சுவர் முனையில் இப்படியும் அப்படியுமாக அடித்துத் துவைத்து உள்ளே போய், அதே பல்லியோடு வெளியே வந்தது. பெரிதாக இருந்திருக்க வேண்டும். மறுபடி துவைத்து, மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே. மூன்றாவது தடவை தானே விழுங்கிவிட்டு அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது. மகள் அதைத் தனிக் கணக்கில் எழுதினாள்: 'அப்பா தின்றது, 1'.

இரை கொடுத்துத் திரும்பும்போது பெரும்பாலும் அலகில் வெள்ளையாக ஒரு பை இருக்கிறது. குஞ்சின் எச்சம், சவ்வுப் பைக்குள் பொட்டலமாக வரும். தாய் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைவில் போடும். கூடு சுத்தம், மோப்பத்துக்கும் வழியில்லை.

மே 2

எறும்பு. சிவப்பு வரிசை சுவரில் ஏறிப் பெட்டிக்கு ஒரு முழம் கீழேவரை வந்துவிட்டது. உள்ளே ஒன்பது நாள் குஞ்சுகள், எழுந்து ஓட முடியாதவை. சுண்ணக்கட்டிக் கோடு இன்று செல்லாது. பொடி, மருந்து எதுவும் வேண்டாம் என்று ஈரத் துணியை நீளக் கொம்பில் சுற்றி, வரிசை வந்த தடத்தைக் கீழிருந்து மேல்வரை துடைத்தேன். எறும்புகளுக்குத் தடம்தான் வழி. அது அழிந்ததும் கலைந்து சுற்றின. அரை மணிக்கு ஒருமுறை துடைப்பு, மாலைவரை ஏழு தடவை. ஆண் என் தலைக்கு மேலேயே நின்று 'ச்ர்ர், ச்ர்ர்' என்று காறியது. ஒரு முறை காதை உரசிக்கொண்டு போனது. திட்டட்டும்.

மே 3

எறும்பு இல்லை. இரை வரத்து வழக்கம்போல.

மே 7

வாசலில் ஒரு முகம். வாயோரத்து மஞ்சள் இன்னும் போகவில்லை. மாலை ஐந்து மணிக்குள் இரண்டு முகங்கள், பிடித்துத் தள்ளிக்கொண்டு. தாய் புழுவோடு எதிர்க் கிளையில் உட்கார்ந்து அழைக்கிறது, உள்ளே கொண்டுவரவில்லை. இரண்டும் இதைப் பெரிய அநியாயமாக எடுத்துக்கொண்டு கத்தின.

மே 8

முதலாவது 7.15க்கு. பறந்தது என்று சொல்ல முடியாது, விழாமல் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது 7.50. மூன்றாவது ஒன்பதரைக்கு, அப்படி ஒன்று இல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நான்காவது பத்து மணிக்கு நேராகத் தரையில் இறங்கியது.

நான்கு! ஏணி போடாமலேயே தெரிந்துவிட்டது.

மே 9

தரையில் இறங்கியதைப் பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு கைகளாலும் பொத்திக் கொண்டுவந்தான். "மாமா, இது கூட்டிலிருந்து விழுந்துவிட்டது. நான் தொட்டுவிட்டேன், இனி அம்மா சேர்க்காதா?" முகம் அழப்போகிறமாதிரி இருந்தது. சேர்க்கும் என்றேன். தொட்ட வாசனைக்காகப் பறவை குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. இது விழுந்த குஞ்சும் இல்லை. இறகு முளைத்து, தத்தத் தெரிந்து, தானாக வெளியே வந்தது. இன்னும் சில நாள் தரையிலும் புதரிலும்தான் இருக்கும், பெற்றோர் தேடி வந்து ஊட்டுவார்கள். நந்தியாவட்டையின் அடர்ந்த கிளையில் விடச் சொன்னேன். பூனையை இன்று வெளியே விடவேண்டாம் என்று அவன் வீட்டில் கேட்டுக்கொண்டேன். பத்து நிமிடத்தில் ஆண் வந்து ஊட்டியது. பையன் தாழ்வாரத்தில் என் பக்கத்திலேயே இருந்தான், மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

மே 25

பெட்டியை இறக்கினேன். நாரும் புல்லும் முக்கால் சாண் உயரம். துடைப்பக் குச்சி அடியில் வளைந்து கிடந்தது. குழியில் ஒரு முட்டை, பொரியாதது. கையில் எடுத்தால் எடையே இல்லை.

"வைத்துக்கொள்ளலாமா அப்பா?" என்றாள் மகள். பிறகு அவளாகவே எலுமிச்சை அடியில் குழி தோண்டினாள். பழைய கூட்டில் பேன்களும் உண்ணிகளும் தங்கிவிடும் என்பதால் எல்லாவற்றையும் வழித்து, கொதிநீர் ஊற்றி, சோப்புப் போடாமல் கழுவி, இரண்டு நாள் காயவைக்க எடுத்துவைத்திருக்கிறேன்.

மே 28

நேற்று மாலை திரும்ப மாட்டினேன். சிட்டுக்குருவிக்காக வேறு பெட்டி செய்யலாம் என்று பலகை எடுத்தேன், இந்தத் தடவை தகட்டோடு. அலமாரியில் தகட்டைக் காணோம். அம்மா அதைத் தண்ணீர்த் தட்டின் ஆட்டத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கிறார்.

இன்று காலை அந்த அணில் வாசலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பாட்டு நின்றது. ஆண் பாய்ந்து வந்து விரட்டியது. அணில் சுவரோரம் மறைந்ததும், சாம்பல் தலை ஒன்று கிளையிலிருந்து இறங்கி உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போனது. அலகில் நார் இல்லை, இன்னும்.

மகள் சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.