சனிக்கிழமைக் கூலி

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் என்றாலே சம்பளப் பேச்சுதான். யூதர்களுக்கு இதற்கென்றே ஒரு சட்டம் உண்டு. 'பால் தாலின்' என்பார்கள், ராத்தங்க விடாதே என்று பொருள். கூலியை நேரத்துக்குக் கொடுப்பதை அவர்கள் தான தர்மத்தில் சேர்ப்பதில்லை. தாமதித்தால் அது அவர்கள் வேதமான தோராவை மீறிய குற்றம்.

கூலிக்காரன் கூலி விடியும்வரை உன்னிடம் தங்கக்கூடாது என்கிறது தோராவில் வரும் லேவியராகமம் 19:13. பொழுது சாய்வதற்குள் கொடு என்கிறது உபாகமம் 24:15. இரண்டும் மோதுகிற மாதிரி இருக்கும். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா அதை ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துவிடுகிறது. பகல் வேலைக்கு அன்று இரவு முழுக்கக் கெடு. இரவு வேலைக்கு மறுநாள் பகல் முழுக்க. வாரக்கூலி, மாதச் சம்பளம் என்றால் தவணை எப்போது முடிகிறது என்று பார்க்க வேண்டும். பகலில் முடிந்தால் அன்று பொழுது சாய்வதற்குள். இரவில் முடிந்தால் அந்த இரவும் மறுநாள் பகலும். ஒண்ணரை ஷிஃப்ட் போட்டு சனி இரவு எட்டரைக்கு வாரத்தை முடிப்பவருக்கு ஞாயிறு பொழுது சாயும்வரைதான். "திங்கக்கிழமை வாங்கிக்கங்க" என்றால் கெடு தாண்டியாயிற்று.

ஏன் இவ்வளவு கறார்? மிஷ்னாவை விளக்கும் தல்முத் ஒரு கேள்வி கேட்கிறது: இவன் ஏறுபடியில் ஏறியதும், மரத்தில் தொங்கியதும், உயிரைப் பணயம் வைத்ததும் எதற்கு, கூலிக்குத்தானே? பொள்ளாச்சியில் தென்னை ஏறுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பீஸ் ரேட்டுக்கும் கணக்கு உண்டு. தைத்து முடித்த துணி தையல்காரர் கையிலேயே இருந்தால், பத்து நாள் ஆனாலும் தைக்கக் கொடுத்தவர்மேல் குற்றமில்லை. மத்தியானம் துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் கூலி வந்தாக வேண்டும். பீஸ் டெலிவரி ஆன பிறகு பில் பாஸ் ஆகட்டும் என்று இழுப்பதற்கு அங்கே இடமில்லை.

இந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஒன்று, தொழிலாளி கேட்டும் கொடுக்காவிட்டால்தான் குற்றம். அடுத்த வாரம் வேலை வேண்டுமே என்று வாய் திறக்காதவரை இது காப்பாற்றாது. இன்னொன்று இடையாள். "கூலி முதலாளி தருவார்" என்று சொல்லி அவர் ஆள் பிடித்தால் இருவருமே தப்பிவிடுகிறார்கள். இடையாள் கையில் கூலி இல்லை, முதலாளி நேரடியாக வேலைக்கு வைக்கவில்லை என்பது காரணம். "நான் தர்றேன்" என்று இடையாளே சொல்லியிருந்தால் பொறுப்பு அவர் தலையில். ஆகவே கான்ட்ராக்டில் சேரும்போதே, ரேட்டைக் கேட்பதற்கு முன்னால், சம்பளம் யார் கையிலிருந்து வரும் என்று கேட்டுவிடுங்கள். இந்த இடத்தில் நம் சட்டமே மேல்: ஒப்பந்ததாரர் கைவிரித்தால் முதன்மை முதலாளி கொடுத்தாக வேண்டும்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் கெடு வைக்கிறது. தினக்கூலி ஷிஃப்ட் முடிவில். வாரக்கூலி வார விடுமுறைக்கு முந்தின வேலை நாளில். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, சரக்கு தேங்கிப் பணம் முடங்கிய கம்பெனிகள் உண்டு. கையில் நிஜமாகவே காசில்லாதவர்மேல் யூதச் சட்டம் குற்றம் சுமத்துவதில்லை; காசு வந்ததும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இருந்த பணத்தை நூல்காரருக்கு அனுப்பிவிட்டுத் தையல்காரரிடம் கையை விரிப்பதை இந்தச் சலுகையில் சேர்க்க முடியாது என்பேன்.