பென்னி போய் சென்ட் வந்தபோது

2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று டிவியில் அறிவித்த ராத்திரி. திருச்சியில் வீடே பதறிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி, "எனக்கு இது மூணாவது" என்றாள். முதலாவது 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. இரண்டாவது எது என்று பேரப்பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், கூட இருந்தேன். 1966 பிப்ரவரி 14, திங்கட்கிழமை, ஆஸ்திரேலியாவில் கான்பெரா. அன்றுதான் அங்கே பவுண்டு, ஷில்லிங், பென்னி போய் டாலரும் சென்ட்டும் வந்தன. எனக்கு அப்போது பத்து வயது.

அப்பாவுக்கு அங்கே இந்திய ஹைகமிஷனில் குமாஸ்தா வேலை. 1964 ஜனவரியில் போய் இறங்கினோம். டீக்கின் என்ற புறநகரில் வீடு. கான்பெராவில் வீட்டுக்கு முன்னால் மதில் எழுப்பக் கூடாது, செடிவேலிதான். சேலைக்கு மேல் அப்பாவின் ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு உறைபனியில் நடக்கும் அம்மாவைத் தெருவே பார்த்தது. கொல்லையில் குடை மாதிரி சுற்றும் ஹில்ஸ் ஹாய்ஸ்ட் துணிக்கொடி. அதில் புடவையைக் காயப்போட்டால் காற்றில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் கம்பத்துக்குத்தான் கட்டியிருக்கும். கடையில் கிடைத்த அரிசி அந்த நாட்டிலேயே லீட்டன் என்ற ஊர்ப் பக்கம் விளைந்தது. அக்கம்பக்கத்தில் அதைப் பாலில் வேகவைத்துப் புட்டிங் செய்யத்தான் வாங்குவார்கள். கீன்ஸ் என்ற டப்பாவில் வந்த மஞ்சள் பொடிக்குக் கறிப்பொடி என்று பெயர். அம்மா ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு மூடிவைத்தாள், பிறகு திறக்கவேயில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு கண்டம். ஒன்று பால். சர்க்கார் இலவசமாகத் தரும் மூன்றில் ஒரு பைண்ட் புட்டிகள் காலையிலேயே வந்து வெயிலில் கிடக்கும். இடைவேளையில் வெதுவெதுப்பாக, மேலே ஏடு மிதக்க, குடித்தே ஆக வேண்டும். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. இரண்டாவது கணக்கு. 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கூட்டிக்கொண்டே வரும்போது ஒரு வரிசைக்கு 12-ஆல் வகு, அடுத்த வரிசைக்கு 20-ஆல் வகு. போதாததற்குக் கினி என்று ஒன்று, 21 ஷில்லிங்.

1965 முழுக்க டாலர் பேச்சுதான். பிரதமர் மென்ஸீஸுக்கு முதலில் புதுப் பணத்துக்கு 'ராயல்' என்று பெயர் வைக்க ஆசை. ஜனங்கள் சிரித்துக் கெடுத்துவிட்டார்கள். (எங்கள் ஊரில் டெய்லர் கடைக்கு வைக்கிற பெயர், அவர்கள் சிரித்ததில் தப்பில்லை.) ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்களின் பழைய நாட்டுப்பாட்டு மெட்டில் ஒரு விளம்பரப் பாட்டு வந்தது, டாலர் பில் என்ற கார்ட்டூன் ஆள் டிவியில் வந்து பாடுவான். எங்கள் வீட்டில் டிவி இல்லை. பக்கத்து வீட்டில் பார்த்துவிட்டு வந்து நான் பாடிப்பாடி அம்மாவுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

புதுக்காசு அடிக்கும் நாணயசாலையும் எங்கள் டீக்கினிலேயே. 1965 பிப்ரவரியில் இளவரசர் பிலிப் வந்து திறந்துவைத்தார். பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப்போனார்கள். மேலே கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கீழே இயந்திரத்திலிருந்து காசு பொலபொலவென்று கொட்டுகிறது. என் மூச்சுப்பட்டு மங்கிய கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். பிறகு புழக்கத்துக்கு வந்ததும் அம்மா அவற்றைப் படத்தை வைத்தே கூப்பிட்டாள். 2 சென்ட் ஓணான் காசு, 5 சென்ட் முள்ளம்பன்றி. 20 சென்ட்டில் இருந்த பிளாட்டிபஸ் என்ற பிராணிக்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல் 'வாத்து மூஞ்சி' என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரம்மாவை நாங்கள் 'ரோஜா வீட்டம்மா' என்போம், வாசலில் அவ்வளவு ரோஜாச்செடி. ஒரு நாள் வீட்டுச் செலவு நோட்டோடு வந்து நின்றார். ஒரு பென்னிக்கு எத்தனை சென்ட் என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம். உண்மையில் நேரான பதில் கிடையாது. 12 பென்னிக்கு 10 சென்ட். அப்படியென்றால் 3 பென்னிக்கு இரண்டரை சென்ட் வர வேண்டும், அரை சென்ட் காசோ கிடையாது.

அம்மாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. உள்ளே போய்ப் பல்லாங்குழியைக் கொண்டுவந்தாள். ஒரு குழியில் ஆறு சோழி, எதிர்க்குழியில் ஐந்து. "சிக்ஸ் பென்னி, ஃபைவ் சென்ட்" என்றாள். அடுத்த குழியில் ஆறு, எதிரே ஐந்து. இரண்டு குழி சேர்ந்தால் ஷில்லிங், எதிரே 10 சென்ட். ஆறு ஆறாகப் போனால் தகராறு இல்லை, ஆறுக்குள் உடைத்தால்தான் தகராறு. பிறகு என்னைப் பார்த்து, "மூணு சாமான், தலைக்கு ரெண்டு பென்னின்னு வெச்சுக்கோ. தனித்தனியா மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சென்ட் போடுவான், ஆறு சென்ட் ஆச்சு. மொத்தமா மாத்தினா அஞ்சு. இதை அவங்களுக்குச் சொல்லுடி" என்றாள். சொன்னேன். அந்தம்மா சோழிகளைத் தானே ஒருமுறை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, நோட்டின் அட்டையில் எழுதிக்கொண்டார்: மொத்தம் போட்ட பிறகே மாற்று.

அம்மாவுக்கு இது பட்டறிவு. 1957-ல் ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. ஊரில் மளிகைக் கடைக்காரர் கால் பைசாவுக்கு எங்கே போவேன் என்று ஏழாக எடுத்துக்கொள்வாராம். நாலு தரம் ஓரணாவுக்கு வாங்கினால் 28. ஒரே தரமாக நாலணாவுக்கு வாங்கினால் 25. அந்த மூன்று பைசாவை அறுபது வருஷம் கழித்தும் அவள் விடவில்லை.

பதினான்காம் தேதி பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வங்கிகள் சில நாள் மூடியிருந்து திறந்தன. ஆறு பென்னி, ஷில்லிங், இரண்டு ஷில்லிங் காசுகள் புது 5, 10, 20 சென்ட் அளவிலேயே இருந்ததால் அவையும் கூடவே ஓடின. அம்மா ரொட்டிக்காரருக்குத் தினக்காசு கொடுப்பதை நிறுத்தி வாரத்துக்கு ஒரு தரம் கொடுத்தாள். வகுப்பில் பழைய கணக்குப் புத்தகத்தில் பாதி உபயோகமில்லாமல் போனது. 3 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்னி எவ்வளவு என்று டீச்சர் கேட்டபோது 6 டாலர் 75 சென்ட் என்று முதலில் கை தூக்கியது நான்தான். வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அதுவரை மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடியோடு மறைத்துச் சாப்பிடுகிறவள் என்றுதான் பெயர்.

எனக்குத்தான் நஷ்டம். மஸ்க் ஸ்டிக் என்று ரோஸ் கலரில் ஒரு மிட்டாய், பூசுபவுடரைத் தின்கிற மாதிரி வாசம். ஒன்று ஒரு பென்னி. ஆறு பென்னி கொடுத்தால் ஆறு. புதுக்காசு வந்ததும் கடையில் ஒன்று ஒரு சென்ட் என்று எழுதிப் போட்டுவிட்டார்கள். அதே ஆறு பென்னி வெள்ளிக் காசைக் கொடுத்தால் ஐந்துதான் வந்தது. சோழிக் கணக்குப்படி ஆறு வர வேண்டும் என்று கடைக்காரரிடம் வாதாடினேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த பையனைக் கவனிக்கப் போனார். வீட்டுக்கு வந்து அழுதால் அம்மா, "தனித்தனியா வாங்கினாலும் மொத்தமா வாங்கினாலும் ஏமாத்தறதுக்கு ஒரு விலை இருக்கு" என்று ஆறாவதுக்கு ஒரு ஓணான் காசு கொடுத்தாள்.

அம்மா போன பிறகு பெட்டியைத் திறந்தபோது அந்த வருஷத்துச் செலவு நோட்டு கிடைத்தது. ஜனவரி பவுண்டில். பிப்ரவரியில் இரண்டும் பக்கம் பக்கமாக. மார்ச்சிலிருந்து டாலரும் சென்ட்டும் மட்டும், ஒரு அடித்தல்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் மூலையில் பென்சிலால் பொடியாக மொத்தத்தை இன்னொரு தரம் போட்டு வைத்திருக்கிறாள், ரூபாயிலும் அணாவிலும்.