அண்ணன் பேசாத பேச்சு

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில் என் ரெக்கார்டிங் ரூம் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறை, சுவர் முழுக்க ஃபோம், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். டேக் போகும்போது ஃபேனை நிறுத்திவிட வேண்டும், ஏசி சத்தமும் மைக்கில் விழும் என்பதால் அதுவும் கிடையாது, கத்திரி வெயிலில் உள்ளே உட்காருகிறவர் தோளில் துண்டோடுதான் உட்காருவார். அந்த நாற்காலியில் அதிக நேரம் உட்கார்ந்தவர் ஓர் அண்ணன். இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டோ விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறார். கோட்டை மைதானத்தில் பொருட்காட்சி, ஆடித் தள்ளுபடி, ஸ்கூல் அட்மிஷன், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அப்புறம் சாவு அறிவிப்பு. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது, வாயைத் திறந்தால் டீக்கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு சித்திரை மதியம் காட்பாடி ரோட்டில் ஒரு ஆட்டோ என்னைக் கடந்து போனது. மேலே ரெண்டு குழாய் ஸ்பீக்கர். குரல் அண்ணனுடையது, ஆனால் ஏதோ சரியில்லை. ரெண்டு தெரு பின்னாலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அண்ணன் விலையைச் சொல்லும் முன் ஒரு மூச்சு இழுப்பார், "வெறும்..." என்று நிறுத்தி, இழுத்து, அப்புறம்தான் தொகை வரும். ஆட்டோவில் அந்த மூச்சே இல்லை. இன்னொன்று, அண்ணன் 'பழம்' என்றால் எங்கள் ஊர் வழக்கப்படி 'பயம்' என்பதற்கு நெருக்கமாகத்தான் விழும், அட்டையில் எழுதி எதிரில் வைத்தாலும் அப்படித்தான். ஆட்டோவில் வந்த குரல் ழகரத்தைச் சுத்தமாகச் சொன்னது.

போனில் பதிவு செய்து அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் போன் செய்தார். "இன்னா தம்பி, இது என் கொரல்தான், ஆனா நான் இத பேசவே இல்லியே." கோபம் இல்லை. வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் வரும் குரல் அது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விசாரித்ததில் விஷயம் எளிது. முன்பு நாங்கள் வேலை செய்து கொடுத்த ஓர் இடத்தில் பழைய பென் டிரைவ் இருந்திருக்கிறது, அதிலிருந்த ஃபைல்களை ஒரு குரல் நகல் ஆப்பில் போட்டிருக்கிறார்கள். கேட்டதற்கு, "காசு கொடுத்துதானே வாங்கினோம், ஃபைல் எங்களுடையது" என்றார்கள். இந்த வாதத்தை நியாயமாகவே நினைத்துச் சொல்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். ஃபைல் உங்களுடையதாக இருக்கலாம். குரல் அவருடையது. இந்த ரெண்டையும் பிரித்துப் பார்க்கும் இடத்தில்தான் ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு மாதிரி நிற்கிறது.

இதே வாதம் சீனாவில் கோர்ட்டுக்குப் போனது. ஒரு டப்பிங் கலைஞர் ஒரு கம்பெனிக்காக ஆடியோ பேசிக் கொடுத்திருந்தார், அந்தக் கம்பெனி பதிவுகளை இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்க, அதை வைத்து எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள் தயாரானது. 2024 ஏப்ரலில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஒலிப்பதிவின் காப்புரிமை கையில் இருந்தால் மட்டும் அந்தக் குரலை ஏஐ-க்குக் கொடுக்கும் அதிகாரம் வந்துவிடாது, அதற்குப் பேசியவரின் தனி அனுமதி வேண்டும். நஷ்ட ஈடு 2,50,000 யுவான். அந்த நாட்டு சிவில் சட்டத் தொகுப்பின் 1023-ஆம் பிரிவு, ஒருவர் உருவத்துக்கு இருக்கும் பாதுகாப்பைக் குரலுக்கும் தருகிறது. வழக்குப் போட்டவர் பெரிய நட்சத்திரம் இல்லை. எங்கள் அண்ணன் மாதிரி, குரலை வைத்துப் பிழைப்பவர்.

நம் ஊரில் நிலைமை வேறு. குரலுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை, நீதிமன்ற உத்தரவுகள்தான் இருக்கின்றன. 2015-இல் ரஜினிகாந்த் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், 2022-இல் அமிதாப் பச்சனுக்கும் 2023-இல் அனில் கபூருக்கும் டெல்லி உயர் நீதிமன்றம், 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங்குக்கு பம்பாய் உயர் நீதிமன்றம். அரிஜித் வழக்குதான் ஏஐ குரலை நேரடியாகத் தொட்டது, அனுமதி இல்லாமல் ஒரு பிரபலத்தின் குரலை நகலெடுக்கும் கருவியைக் கொடுப்பதே அவர் உரிமையை மீறுவது என்றது. நல்ல உத்தரவு. ஆனால் பெயர்களைப் பாருங்கள். எல்லாம் நாடே அறிந்த பெயர். காட்பாடி ரோட்டில் மட்டும் பிரபலமான ஒரு குரலுக்கு இதே பாதுகாப்பு வேண்டுமென்றால் யார் மெட்ராஸ் போய் வக்கீல் வைப்பது? காப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்துபவருக்கு உரிமை தருகிறது, சரி, ஆனால் அது அவர் நிகழ்த்தியதைக் காப்பது. அவர் பேசாத வாக்கியத்தை அந்தப் பிரிவுக்குள் கொண்டுவர ஒரு வக்கீல் ரொம்பவே மெனக்கெட வேண்டும்.

2026 பிப்ரவரி 20 முதல் இந்தியாவின் தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளில் திருத்தம் வந்திருக்கிறது, செயற்கையாக உருவாக்கிய ஆடியோ என்றால் தொடக்கத்திலேயே அதைச் சொல்ல வேண்டும். வரைவில் ஆடியோவின் முதல் 10 சதவீதம் அறிவிப்பாக இருக்க வேண்டும் என்று இருந்தது, இறுதி விதியில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார்கள், நல்லவேளை, இருபது நொடி விளம்பரத்தில் ரெண்டு நொடியில் என்ன சொல்ல முடியும்? ஆனால் இந்த விதிகள் பார்ப்பது இணையத் தளங்களை. ஆட்டோ மேல் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எந்தத் தளம்? அந்த ஆடியோ யூடியூபில் ஏறியிருந்தால் புகார் செய்ய ஒரு பட்டனாவது இருந்திருக்கும்.

இது நடந்த சில மாதத்தில், இன்னொரு வேலை வந்தது. பாரிஸ் பக்கம் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம், சொந்த ஊர் ஆரணி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஆடியோ பாடம் போடுகிறார்கள். நாற்பது பாடம். மாதாமாதம் மாற்றம் வரும், அதனால் அண்ணன் குரலையே ஏஐ-யில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கேட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். பாடத்தைக் கேட்பவர்கள் பிரான்சிலும் கலிபோர்னியாவிலும் இருக்கிறார்கள், பேசுகிறவர் வேலூரில். எந்தச் சட்டத்தைப் பார்ப்பது?

மைக் இருக்கும் ஊர்ச் சட்டம் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. ஐரோப்பிய யூனியனின் 2024 ஏஐ சட்டம், ஏஐ அமைப்பின் வெளியீடு யூனியனுக்குள் பயன்பட்டாலே, அதை இயக்குபவர் வெளிநாட்டில் இருந்தாலும் பொருந்தும் என்கிறது. அதன் 50-ஆம் பிரிவுப்படி, நிஜ மனிதர் பேசுவதாக நம்பவைக்கும் செயற்கை ஆடியோ என்றால் செயற்கை என்று சொல்லியாக வேண்டும். அங்கே சட்டத்தின் கவலை கேட்பவரைப் பற்றியது, ஏமாறக் கூடாது என்பது. அமெரிக்காவில் முக்கியமான மாநிலச் சட்டங்கள் பேசுபவரைப் பற்றியவை. டென்னஸியின் எல்விஸ் சட்டம் 2024 ஜூலை 1-இல் அமலுக்கு வந்தது, பாடகர் என்றில்லை, எந்த ஆளின் குரலுக்கும் பாதுகாப்பு. கலிபோர்னியாவின் ஏபி 2602 என்ற சட்டம் ஒப்பந்தத்தையே எடைபோடுகிறது: ஆள் நேரில் செய்திருக்கக்கூடிய வேலையை டிஜிட்டல் நகல் செய்யப்போகிறது, எதற்கெல்லாம் பயன்படும் என்று தெளிவாக எழுதவில்லை, கலைஞருக்கு வக்கீலோ சங்கமோ துணை இல்லை, மூன்றும் சேர்ந்தால் அந்த ஷரத்து செல்லாது. இந்தச் சட்டத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் எங்கள் தொழிலில் ஒப்பந்தம் என்பது ஜிபேயில் வரும் டிங் சத்தம்தான்.

எழுதி வாங்காததன் விலை அமெரிக்காவிலும் தெரிந்தது. ரெண்டு குரல் கலைஞர்கள் ஆன்லைனில் சின்ன வேலை எடுத்திருக்கிறார்கள், ஒருவருக்கு 1,200 டாலர், இன்னொருவருக்கு 400. ஆராய்ச்சிக்கு என்று ஒருவரிடம், ரேடியோ விளம்பர மாதிரிக்கு என்று இன்னொருவரிடம் சொன்னதாக அவர்கள் சொல்கிறார்கள். பிறகு தங்கள் குரலே ஒரு ஏஐ கம்பெனி விற்கும் குரலாக இருப்பதைக் கண்டு 2024-இல் நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் நீதிபதி டிரேட்மார்க் வாதத்தைத் தள்ளிவிட்டார், நியூயார்க் மாநிலத்தின் தனிமனித உரிமைச் சட்டப்படியான வாதத்தை மேலே போக விட்டார். ஒரே குரல், ஒரே செயல், ஒரு சட்டத்தில் நிற்காதது இன்னொன்றில் நிற்கிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரே வழி எடுத்தேன்: பாடத்தைக் கேட்பவர் இருக்கும் ஊர்களின் சட்டங்களில் எது கடுமையோ அதற்கு எழுதுவது. ரெண்டு பக்கம், தமிழில். நாற்பது பாடம் மட்டும், மூன்று வருடம் மட்டும். விளம்பரம், அரசியல், கடன் வசூல் போன் அழைப்பு எதற்கும் கூடாது. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் இது ஏஐ குரல், இன்னார் அனுமதியோடு செய்தது என்று அண்ணனே நிஜமாகப் பேசிய வரி வரும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவருக்குத் தனிக் காசு. முடிந்ததும் நகலை அழிக்க வேண்டும். காட்பாடியில் தெரிந்த வக்கீல் ஒருவர் படித்துப் பார்த்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார், ஏபி 2602 சொல்லும் வக்கீல் துணையை நினைத்துத்தான் அது.

இறந்த பிறகு என்ன என்பதற்கும் ஒரு வரி வைத்தேன். ஏ.ஆர். ரஹ்மான் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களை ஏஐ-யில் கொண்டுவந்தபோது குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். கலிபோர்னியாவின் ஏபி 1836 மறைந்த கலைஞர்களின் நகலுக்கு, அவர்கள் இறந்து 70 வருடம் வரை அனுமதி கேட்கச் சொல்கிறது. அண்ணன் மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள் பெயரை எழுதினோம். அவர் அந்த வரியில் ரொம்ப நேரம் விரலை வைத்திருந்தார்.

கையெழுத்துப் போடும் முன் பேனாவை வாங்கி, ஓரத்தில் அவரே ஒரு வரி சேர்த்தார். நான் யோசிக்காத வரி. 'சாவு அறிவிப்பு என் குரலில் மெஷின் சொல்லக் கூடாது.'

ஏன் அண்ணா என்று கேட்டேன். "பேரச் சொல்லும்போது அந்த ஆளத் தெரிஞ்சிருந்தா கொரல் கொஞ்சம் எறங்கும் தம்பி. தெரியலன்னாலும் வயசப் பாத்தா எறங்கும்."

மறுநாள் காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினார். தோட்டப்பாளையத்தில் ஒரு பாட்டி, வயது எண்பத்தாறு, மாலை நாலு மணிக்கு எடுப்பு. ஃபேனை நிறுத்தினேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேப்பரை ஒருமுறை மனதுக்குள் படித்தார், மூச்சை இழுத்தார்.